மந்தரப் பஞ்சமம் மட்டும் ஏன் உறுமுகிறது?

சென்ற மாதம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். பணி ஓய்வுக்குப் பிறகு வாய்ப்பாட்டு கற்றுக்கொள்கிறார். ஒரு கட்டை சுருதி. மகன் வெளியூர் போனதால் காலியான அறையைச் சாதக அறையாக்கிக்கொண்டிருக்கிறார். நீளம் பதினொன்றரை அடி, அகலம் பத்து அடி, உயரமும் பத்து அடி. விடியற்காலையில் அறையின் நடுவே ஜமக்காளம் விரித்து, ‘ஆ’ என்று நீட்டிப் பாடும் அகார சாதகம். மந்தர ஸ்தாயிப் பஞ்சமத்தில், அதாவது கீழ் ஸ்தாயியின் ‘ப’-வில், நிற்கும்போது மட்டும் அறையும் சேர்ந்து உறுமுகிறதாம். தைவதத்துக்கு ஏறினால் குரல் திடீரென்று மெலிந்துவிடுகிறதாம். “கோளாறு குரலிலா, அறையிலா? சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். ஒட்டட்டுமா?” என்று கேட்டிருந்தார்.

கடிதத்தைப் படித்து முடித்ததும் ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போட்டேன். நம் ஊர் வெப்பத்தில், அதாவது 30 டிகிரியில், ஒலி விநாடிக்கு 349 மீட்டர் போகும். பதினொன்றரை அடி என்பது 3.5 மீட்டர். சுவருக்குச் சுவர் போய்த் திரும்ப 7 மீட்டர். 349-ஐ 7-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 50, ஒலி விநாடிக்கு அத்தனை முறை போய்த் திரும்பும். இந்த எண்ணும் அதன் மடங்குகளும் அறைக்குப் பிடித்தவை. இரு மடங்கு 100. ஒரு கட்டைச் சட்ஜம் 131 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 131 அதிர்வு. அதற்குக் கீழே உள்ள பஞ்சமம் அதில் முக்கால் பங்கு, 98 ஹெர்ட்ஸ். அறைக்குப் பிடித்த சுரமும் அவர் நிற்கும் சுரமும் கிட்டத்தட்ட ஒன்று. குரலில் கோளாறே இல்லை.

பள்ளியில் ஒத்ததிர்வுக் குழாய் சோதனை செய்திருப்பீர்கள். இசைக்கவையைத் தட்டிக் குழாய் வாயில் பிடித்துத் தண்ணீர் மட்டத்தை மாற்றிக்கொண்டே வந்தால், ஓர் இடத்தில் ஒலி சட்டென்று பெருகும். அறையும் அப்படி ஒரு குழாய்தான், இரண்டு பக்கமும் மூடிய குழாய். சுவரில் பட்டுத் திரும்பும் அலை, புறப்படும் அலையோடு சரியாகக் கால் எடுத்து வைத்தால் இரண்டும் சேர்ந்து நிலை அலை ஆகிவிடும். நீளத்துக்கு 50, 100, 150. அகலத்துக்கு 57, 114, 172. உயரமும் பத்து அடி என்பதால் அதே எண்கள் மறுபடியும். கோணலாகப் போய்வரும் அலைகளையும் சேர்த்தால் 95-இலும் ஒன்று உண்டு. ஆனால் 100-க்கும் 114-க்கும் நடுவில் எதுவும் இல்லை. அவருடைய சதுஸ்ருதி தைவதம் 109 ஹெர்ட்ஸ், அந்தப் பள்ளத்தில் விழுகிறது. பஞ்சமத்துக்குக் கைகொடுத்த அறை தைவதத்தைக் கைவிட்டுவிடுகிறது. 300, 400 ஹெர்ட்ஸுக்கு மேலே போனால் இந்த அலைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதால் தனித்தனியாகத் தெரியாது. பெரிய சபா அரங்குகளில் கீழ்ச் சுரங்களிலேயே அந்த நெருக்கம் வந்துவிடும். சின்ன அறைக்கு மட்டுமே உரிய தொல்லை இது.

இதைக் காதால் கேட்டே தீர வேண்டும். கைப்பேசியில் ஒலி எழுப்பும் செயலி ஒன்றை இறக்கி, கொஞ்சம் பெரிய புளூடூத் ஸ்பீக்கரில் இணைத்து, அறையின் மூலையில் வையுங்கள். உங்கள் அறை நீளத்துக்கு மேலே சொன்ன கணக்கைப் போட்டு, இரண்டாவது எண்ணை ஒலிக்கவிட்டு, ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு மெதுவாக நடங்கள். என் அறையில் செய்தேன். சுவரில் காதை வைத்தால் ரீங்காரம் மண்டைக்குள் இறங்குகிறது. மூன்றடி நகர்ந்தால் யாரோ அணைத்துவிட்டதுபோல் அடங்குகிறது. அறை நடுவுக்கு வந்தால் மறுபடியும் நிரம்புகிறது. இன்னொரு மூன்றடியில் மறுபடி அடங்கி, எதிர்ச்சுவரில் திரும்ப வருகிறது. ஸ்பீக்கர் மாறவில்லை, ஒலியளவு மாறவில்லை. நான் நின்ற இடம்தான் மாறியது. பல முறை செய்துவிட்டேன், இன்னும் ஒவ்வொரு தடவையும் சிலிர்க்கிறது.

ஒலி அடங்கிய அந்த மூன்றடி இடத்தில் என்ன நடக்கிறது? ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றும். உண்மையில் காற்று மிக வேகமாக ஓடுவது அங்கேதான்.

வைகுண்ட ஏகாதசிக்குச் சொர்க்கவாசல் திறக்கும் முன் நிற்கும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கதவை ஒட்டி நிற்பவர்கள் நசுங்குகிறார்கள், ஆனால் ஓர் அங்குலம் நகர முடியாது. முன்னால் கதவு. நடுவில் நிற்பவர்கள் அவ்வளவாக நசுங்குவதில்லை, ஆனால் முன்னும் பின்னுமாக அலைக்கழிகிறார்கள். நெரிசல் ஓர் இடம், நகர்வு வேறோர் இடம். நிலை அலையில் காற்றும் அப்படித்தான். சுவரை ஒட்டி அழுத்தம் உச்சம், காற்றின் ஓட்டம் சுழியம். அங்கிருந்து கால் அலைநீளம் தள்ளிப் போனால் ஓட்டம் உச்சம், அழுத்தம் சுழியம். நம் செவிப்பறை அழுத்தத்தைத்தான் உணர்கிறது. அதனால் காற்று ஓடிக்கொண்டிருக்கும் இடம் நமக்கு நிசப்தமாகப் படுகிறது.

சரி, பஞ்சு எப்படி ஒலியைத் தின்கிறது? காற்று அதன் இழைகளுக்கு நடுவே போய்வரும்போது உரசி, ஒலியின் ஆற்றல் வெப்பமாகிறது. வேறு மந்திரம் இல்லை. உரசுவதற்குக் காற்று ஓட வேண்டும். சுவரில் ஒட்டிய பஞ்சு, காற்று ஓடாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறது! 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரை மீட்டர், கால் பங்கு 87 சென்டிமீட்டர். ஓர் அங்குல ஃபோமைச் சுவரில் ஒட்டினால், அதன் முகப்பில் காற்றின் வேகம் உச்ச வேகத்தில் 22-இல் ஒரு பங்குதான். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே சுமார் 500-இல் ஒரு பங்கு. அதே ஃபோமைச் சுவரிலிருந்து ஓர் அடி முன்னால் நிறுத்துங்கள். இப்போது கால் பங்கு கிடைக்கிறது. பொருள் அதேதான், செலவும் கிடையாது, நடுவில் ஓர் அடி இடைவெளி விட்டோம், அவ்வளவே. ஒலியியலில் எனக்கு இதைவிடப் பிடித்த கணக்கு இல்லை.

ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் கதை வேறு. கால் அலைநீளம் 9 சென்டிமீட்டருக்குள் வந்துவிடுவதால், மெல்லிய ஃபோம்கூட மேல் சுரங்களையும் எழுத்தின் கூர்மையையும் நன்றாகவே உறிஞ்சும். நான்கு சுவரிலும் மெல்லிய ஃபோம் ஒட்டிய அறைகள் மொந்தைக்குள் பாடுவதுபோல் ஆவது இதனால்தான். மேலே உள்ளதெல்லாம் போய்விடும், கீழே உள்ள உறுமல் அப்படியே நிற்கும். பணத்தையும் கொடுத்து அறையையும் கெடுத்துக்கொண்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன், மனம் வலிக்கிறது.

முட்டை அட்டை அதைவிடவும் மோசம். இரண்டு மில்லிமீட்டர் காகிதக்கூழ், அதற்குள் காற்று உரச இடமே இல்லை. பள்ளமும் மேடுமாக இருப்பதால் மேல் சுரங்களைக் கொஞ்சம் சிதறடிக்கும், அதோடு சரி. தீப்பொறி பட்டால் நொடியில் பற்றிக்கொள்ளும், கரப்பான்பூச்சி குடியேறும். இது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் நம்பிக்கை. தயவுசெய்து ஒட்டாதீர்கள். தெர்மகோலும் உதவாது, அதன் குமிழிகள் மூடியவை. எந்தப் பொருளானாலும் ஒரு சோதனை போதும்: வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். காற்று சிரமப்பட்டு மறுபக்கம் போனால் அது ஒலியை உறிஞ்சும். போகவே இல்லை என்றாலும், தடையே இல்லாமல் போனாலும் உதவாது.

இந்தச் சோதனையில் முதல் மதிப்பெண் வாங்கும் பொருள் பல வீட்டுப் பரண்களில் கிடக்கிறது. பழைய இலவம்பஞ்சு மெத்தை. இதைச் சொல்லும்போது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சாபைன் நினைவுக்கு வருகிறார். 1895-இல் அங்கே ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரை அரங்கில் ஒரு சொல் சொன்னால் ஐந்தரை விநாடி அடங்காமல் நின்றது. அதைச் சரிசெய்யும் வேலை அந்த இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. பக்கத்து சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து, எண்ணி எண்ணி அடுக்கி, ஓர் ஆர்கன் குழாயை ஒலித்து நிறுத்தி, ஒலி காதிலிருந்து மறையும் நேரத்தைக் குறித்துக்கொண்டார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைக்க வேண்டும். தன் உடுப்பு மாறினால்கூட அளவு மாறுகிறது என்று கண்டு, பிறகு ஒரே உடுப்பில் சோதனைகளைச் செய்தார். அந்த இரவுகளிலிருந்து பிறந்த சூத்திரம் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், முழக்கம் அடங்கும் நேரம். உறிஞ்சும் பரப்புக்கு அவர் வைத்த அலகு திறந்த சன்னல், போன ஒலி திரும்பாத இடம்.

நம் வாசகரின் அறை சுமார் 33 கன மீட்டர். பூச்சுச் சுவரும் டைல்ஸ் தரையும் சேர்ந்து உறிஞ்சுவது இரண்டு சதுர மீட்டர் திறந்த சன்னல் அளவுகூட இருக்காது. ஆக இரண்டு விநாடிக்கு மேல் முழங்கும். சாதகத்துக்கு அரை விநாடி போதும் என்பது என் அபிப்பிராயம், அதற்குப் பத்து சதுர மீட்டர் வேண்டும். அதற்கும் கீழே இறக்காதீர்கள். அறை எதையும் திருப்பித் தராவிட்டால் பாடுகிறவர் தன்னை அறியாமல் தொண்டையை அழுத்துவார்.

மெத்தையை எங்கே வைப்பது? மூலையில். நீள அலை, அகல அலை, உயர அலை மூன்றுக்கும் முனை அங்கேதான் சந்திக்கிறது. ஒரே பொதி மூன்றையும் பிடிக்கும். ஒட்டித் திணிக்காமல் மூலைக்குக் குறுக்கே நிறுத்தினால், பின்னால் முக்கோணமாக இடைவெளி தானே அமைந்துவிடும். மெத்தை இல்லாதவர்கள் இரண்டு அங்குல ராக் வுல் (பாறை இழைப் பஞ்சு) பலகைகளை இரண்டு அடுக்காக மரச்சட்டத்தில் பொருத்திப் பருத்தித் துணியால் மூடலாம். வேலை செய்யும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். ரெக்ஸின் உறை மட்டும் வேண்டாம்.

ஈசானிய மூலையில் கனமான பொருள் வைக்கக் கூடாது என்று வாஸ்து சொல்வதாக வாசகரின் வீட்டில் தயங்குகிறார்கள். என் கருத்தை மறைக்க மாட்டேன். அலைக்கு நான்கு மூலையும் ஒன்றுதான். திசைக்குப் பயந்து ஒரு மூலையை விட்டால் கால் பங்குப் பலனை விடுகிறோம். நான் வைப்பேன்.

கைதட்டினால் ‘டர்ர்’ என்று உலோகச் சத்தம் வருவது எதிரெதிர் வெற்றுச் சுவர்களால். பத்தடி இடைவெளியில் விநாடிக்கு 57 முறை திரும்புகிறது. ஒரு பக்கச் சுவரில் ஒழுங்கில்லாமல் அடுக்கிய புத்தக அலமாரி போதும். அப்புறம், பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் தடுப்பது முற்றிலும் வேறு வேலை. அதற்குப் பஞ்சு உதவாது, எடை வேண்டும். முதலில் கதவின் கீழ்ச் சந்தை ரப்பர் பட்டையால் அடையுங்கள்.

இங்கே ஓர் ஆதங்கம். 1920-இல் சி.வி. ராமன், சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து, நம் தோல் கருவிகளின் மேற்சுரங்கள் ஏன் இசைவாக ஒலிக்கின்றன என்று நேச்சர் இதழில் எழுதினார். அதே உரிமையோடு நம் சாதக அறைகளையும் அளக்க வேண்டாமா? கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, தரையில் உட்கார்ந்து பாடும் ஆள் என்று நம் வீட்டு அமைப்பே தனி. ஒரு மைக்கும் மடிக்கணினியும் ஆர்வமுள்ள நான்கு மாணவர்களும் இருந்தால் ஒரு கல்லூரி இயற்பியல் துறை ஓராண்டில் நூறு அறைகளை அளந்துவிடலாம். பெரிய கருவிக்குக் கேட்டால்தான் ஆராய்ச்சி என்ற நினைப்பு நிதி கொடுப்பவர்களிடம் மட்டுமல்ல, கேட்பவர்களிடமும் மாற வேண்டும்.

வாசகருக்கு நான் முதலில் சொன்னது மெத்தையைப் பற்றி அல்ல. ஜமக்காளத்தை நகர்த்தச் சொன்னேன். அறையின் நடுவே உட்கார்ந்திருந்தார் அல்லவா? 100 ஹெர்ட்ஸ் அலைக்கு அழுத்தம் உச்சத்தில் இருக்கும் இடம் அது. அங்கிருந்து பாடினால் குரல் அலையை முழு பலத்தோடு தள்ளும், காதும் அதை முழு பலத்தோடு கேட்கும். நீளத்தில் கால் பங்கு, அதாவது சுவரிலிருந்து மூன்றடிக்குச் சற்றுக் குறைவு. அகலத்தில் கால் பங்கு, இரண்டரை அடி. அங்கே உட்காரச் சொன்னேன். சம்மணமிட்டு உட்கார்ந்தால் வாயும் தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டரை அடி உயரத்துக்கு வருகிறது. உயரத்திலும் அதுவே கால் பங்கு. தரையில் உட்கார்ந்து பாடும் நம் வழக்கம் இந்த அறையில் அதற்கும் பொருந்திவிட்டது.

போன வாரம் பதில் வந்தது. சுண்ணக்கட்டியால் குறி போட்டு அங்கேதான் உட்காருகிறாராம். இரண்டு மூலைகளில் மெத்தை ஏறிவிட்டது. பஞ்சமமும் தைவதமும் இப்போது ஒரே ஆள் பாடுவதுபோல் இருக்கின்றன, ஆனால் தம்பூரா ஓடும்போது மட்டும் உறுமல் இன்னும் மிச்சமிருக்கிறது என்று எழுதியிருந்தார். தம்பூராச் செயலியை இணைத்த ஸ்பீக்கர் எங்கே என்று கேட்டேன். மூலையில், அலமாரி மேல் என்றார். ஒரு கட்டைத் தம்பூராவின் முதல் தந்தி மந்தரப் பஞ்சமம், அதே 98 ஹெர்ட்ஸ். அதையும் இறக்கி ஜமக்காளத்தின் பக்கத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.