பழுப்புத் திட்டைப் பார்த்தவுடன் சாக்கடை என்று சொல்லிவிடாதீர்கள்

பினாங்கின் பத்து பெரிங்கி கடற்கரையில் பலகாரக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் காலையிலேயே வீடியோ அனுப்பினார். கரையோரம் நீளநீளமாகப் பழுப்புத் திட்டு. "தம்பி, எவனோ கக்கூஸ் தண்ணியத் திறந்து விட்டுட்டான். வாட்ஸ்அப்ல போடட்டுமா?"

"கொஞ்சம் பொறுங்கண்ணே. ஒரு பாட்டில்ல அள்ளி வைங்க."

கடல்நீரைச் சோதிப்பதுதான் என் பிழைப்பு. மறுநாள் போனபோது பாட்டிலின் மேல்மட்டத்தில் மரத்தூள் தூவியது போலத் துகள்கள் மிதந்தன. தண்ணீர் லேசாக ரோஸ் நிறமாகியிருந்தது. ட்ரைக்கோடெஸ்மியம் என்ற நீலப்பச்சைப் பாசி செத்தால் அதன் சிவப்பு நிறமி இப்படித்தான் கசியும். எண்ணெயாக இருந்தால் பளபளவென்று ஏடு படிந்திருக்கும்.

இந்தப் பாசி காற்றிலுள்ள நைட்ரஜனைத் தானே உரமாக்கிக்கொள்ளும். நைட்ரஜனில் எடை குறைந்த 14, எடை கூடிய 15 என்று இரண்டு வகை உண்டு. காற்றில் இவை இருக்கும் விகிதத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு, மாதிரியில் 15 எவ்வளவு கூடுகிறது, குறைகிறது என்று ஆயிரத்துக்கு இத்தனை எனக் கணக்கிடுவோம். காற்றைத் தின்று வளர்ந்த பாசி −2க்கும் 0க்கும் நடுவே நிற்கும். ஆழ்கடல் நைட்ரேட் +5 வாக்கில் வரும். சாக்கடை வழி வரும் நைட்ரேட் பெரும்பாலும் +10ஐத் தாண்டும்; கழிவிலிருந்து லேசான நைட்ரஜன் முதலில் ஆவியாகிப் போக, கனமானது மிஞ்சுவதால்.

சரி, எண்ணைப் பார்த்தால் போதுமா? போதாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு பாசி மாதிரி +3 காட்டியது. காற்று நைட்ரஜன் இல்லை என்று அறிக்கையே எழுதிவிட்டேன். அப்புறம் வடிதாளின் மீதியை லென்ஸில் வைத்தால், பாசியோடு பாசியாகக் கோபிபாடுகள் என்ற குட்டிக் கடல் விலங்குகள் ஒட்டிக்கிடக்கின்றன! விலங்குகளின் உடல், தின்னும் தீனியைவிட ஏறக்குறைய 3 கூடுதலாகக் காட்டும். அன்றிலிருந்து, மாதிரியைச் சோதனைக்கான தகரக் கிண்ணத்தில் வைத்து மடிப்பதற்கு முன் கோபிபாடுகளை ஒவ்வொன்றாக ஊசியால் பொறுக்கி எடுக்கிறேன். கண் வலிக்கிற வேலைதான்.

பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தாலும் உடனே பாசி என்று முடிவுகட்ட முடியாது. யூரியாவும் காற்று நைட்ரஜனிலிருந்துதான் தயாராகிறது. அதுவும் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். மழைக்குப் பின் ஆற்று முகத்தில் எடுத்த மாதிரி என்றால் எனக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும்.

அதனால் கொழுப்பையும் பார்ப்பதுண்டு. சில நீலப்பச்சைப் பாசிகள் நைட்ரஜன் பிடிப்பதற்கென்றே தடித்த சுவருள்ள தனிச் செல் வைத்திருக்கும். அந்தச் சுவரின் சர்க்கரைக் கொழுப்பு நல்ல அடையாளம். டயாட்டம் என்ற நுண்பாசிக்குள் குடியிருக்கும் ரிச்செலியா என்ற நீலப்பச்சைப் பாசியை அதை வைத்துப் பிடிக்கலாம். ட்ரைக்கோடெஸ்மியத்துக்கு அந்தச் செல்லே கிடையாது. ஆகவே கொழுப்பு இல்லை என்பதால் பாசி இல்லை என்று எழுதினால் தப்பாகிவிடும்.

உங்கள் கரையில் இப்படிப் பார்த்தால் சுத்தமான பாட்டிலில் அள்ளி, நேரமும் இடமும் எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே சோதனைக்குக் கொடுங்கள். என்னவென்று தெரியும்வரை பிள்ளைகளை அதில் இறக்க வேண்டாம்.

அண்ணனின் பாட்டில் −1 காட்டியது. லென்ஸிலும் கற்றை கற்றையாக ட்ரைக்கோடெஸ்மியம்தான். சொல்லலாம் என்று போன் போட்டேன். வீடியோ அதற்குள் மூன்று குரூப்பில் சுற்றிக்கொண்டிருந்தது.