பின்னொளியா, பின்னணி ஒளியா?

மடிக்கணினித் திரைப் பழுது பற்றித் தமிழில் வரும் காணொளிகளிலும் மொழிபெயர்த்த கையேடுகளிலும் ‘பேக்லைட்’ என்பதைப் ‘பின்னணி ஒளி’ என்றே எழுதிவருகிறார்கள். இது பொருந்தாத ஆக்கம். பின்னொளி என்பதே தகும்.

சொல்லின் பிறப்பு எளிது. ஆங்கிலத்தில் ‘பேக்’ பின்புறம், ‘லைட்’ ஒளி. பொருளின் பின்னாலிருந்து பாய்ச்சும் வெளிச்சத்துக்கு ஒளிப்படக்காரர்கள் வழங்கும் அச்சொல்லே எல்சிடி எனும் திரவப் படிகத் திரைக்கும் ஆகிவந்திருக்கிறது. திரவப் படிகம் தானாக ஒளிராது. பின்னாலிருந்து வரும் ஒளியைத் தடுக்கவோ விடவோதான் அதனால் முடியும். அந்த ஒளியைப் பழைய மடிக்கணினிகளில் மெல்லிய ஒளிர்குழல் தந்தது. இப்போது எல்இடி பட்டை தருகிறது. பின் என்பதோடு ஒளி சேரும்போது, தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டித்துப் பின்னொளி ஆகும்.

பின்னணி என்பதோ வேறு குடிப்பிறப்பு. அணி என்றால் வரிசை, படைவகுப்பு. பின்னணி என்றால் பின்வரிசை. துணைநிற்பது, சூழல் என்று அது பொருள் விரிந்து, பின்னணி இசை, குடும்பப் பின்னணி என்றெல்லாம் வழங்குகிறது. கோடம்பாக்கத்துப் பின்னணிப் பாடகர் எவரும் நடிகரின் முதுகுக்குப் பின்னால் நின்று பாடுவதில்லை. கணினியிலோ இச்சொல்லுக்கு ஏற்கெனவே கைநிறைய வேலை: முகப்பில் விரியும் படம் பின்னணிப் படம், கண்ணில் படாமல் ஓடும் செயலி பின்னணியில் இயங்குகிறது. ‘பின்னணி ஒளியைச் சரிபார்க்கவும்’ என்று படிப்பவர், அமைப்புகளுக்குள் போய்ப் பின்னணிப் படத்தை வெளிர்நிறமாக மாற்றினால் அவரைக் குறைசொல்ல முடியுமா?

பின் என்பது காலத்தையும் குறிக்குமே, பின்னொளி என்றால் பிற்பாடு தோன்றும் ஒளி என்று ஆகிவிடாதா என்பது எதிர்த்தரப்பின் வாதம். பின்வாசல், பின்கட்டு, பின்சக்கரம் ஆகியவற்றில் எவருக்கும் வராத மயக்கம் இதில் மட்டும் ஏன் வரவேண்டும்? திரையைக் கழற்றிப் பார்த்திராத மொழிபெயர்ப்பாளர், அகராதியில் கண்ணில் பட்ட முதல் சொல்லை ஒட்டவைப்பதால் வரும் வினைதான் ‘பின்னணி ஒளி’.

பழுது பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு காசு விவகாரம். சென்னையின் மின்னணுக் கடைவீதியான ரிச்சி தெருவில், ‘டிஸ்ப்ளே போச்சு’ என்று வருபவரிடம் விவரமறிந்த கடைக்காரர் முதலில் கணினியை இயக்கி, இருண்ட திரைமேல் டார்ச்சைச் சாய்த்துப் பிடிப்பார். முகப்புச் சின்னங்கள் நிழல்போலத் தெரிந்தால், ‘பேக்லைட்தான் சார் போயிருக்கு’ என்பார்; அதாவது படிகத்தில் படம் உருவாகிறது, ஒளி மட்டும் வரவில்லை. வெளியே ஒரு மானிட்டரை இணைத்தால் அதில் படம் ஒழுங்காக வரும். அதன்பின் பிரகாச விசை, மடிக்கணினி மூடியிருப்பதாக ஏமாறும் உணரி, கீல் வழியே போகும் கேபிள், தாய்ப்பலகையில் பின்னொளிக்குரிய ஃபியூஸ் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எடுத்த எடுப்பில் பேனலை மாற்றச் சொல்வது முறையல்ல. அந்தக் கடைக்காரரின் பேக்லைட்டுக்கு நேர்நிகராக, அதே சுருக்கத்தில், அதே இடத்தைச் சுட்டி நிற்பது பின்னொளி.

இன்னொரு கூத்தும் நடக்கிறது. ‘ஓஎல்இடி திரையின் பின்னணி ஒளி’ என்று விளம்பரங்களில் எழுதுகிறார்கள். அத்திரையில் ஒவ்வொரு படப்புள்ளியும் தானே ஒளிர்வதால் பின்னொளி என்ற உறுப்பே கிடையாது. அது இருண்டுபோனால் டார்ச் சோதனைக்கும் அங்கே வேலையில்லை.