பூ கொட்டும் தக்காளிக்கு உரம் போடாதீர்கள்

“செடி நல்லா வளர்ந்திருக்கு, கொத்துக் கொத்தாப் பூக்குது, ஆனா ஒண்ணுகூட காய் பிடிக்கல.” வீட்டுத் தோட்டங்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். கோலாலம்பூரில் எனக்கு வாட்ஸ்அப்பில் அதிகமாக வரும் புகார் இதுதான். செந்தூலில் தரைவீட்டு முற்றமாக இருக்கும், செராஸில் கொண்டோ பால்கனியாக இருக்கும்; படம் மட்டும் ஒன்றுபோலவே இருக்கும். கீழே மஞ்சள் பூக்கள் சிதறிக் கிடக்கும், மேலே செடி பச்சைப்பசேல் என்று நிற்கும். கூடவே ஒரு கேள்வி வரும்: “என்ன உரம் போடலாம்?”

எதுவும் போடாதீர்கள் என்பதுதான் பெரும்பாலும் என் பதில். இங்கே தக்காளிப் பூ கொட்டுவதற்கு முதல் காரணம் நம் ஊரின் இரவு.

தக்காளியின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி. பகலில் நல்ல வெயில் அடித்தாலும் இரவில் குளிர் வேண்டும் என்று பழகிய செடி. காய் பிடிப்பதற்கு அதற்கு ஏற்ற இரவு வெப்பநிலை ஏறக்குறைய 15 முதல் 20 டிகிரி செல்சியஸ். இரவு 21, 22 டிகிரியைத் தாண்டும்போதே பல ரகங்கள் தடுமாறத் தொடங்கும். பகல் 32 டிகிரியைத் தாண்டினால் நிலைமை இன்னும் மோசம். கோலாலம்பூரில் விடியற்காலையில்கூட 22 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம், பகலில் 32, 33 சாதாரணம். கேமரன் மலை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே இரவு குளிர்கிறது. நாம் சந்தையில் வாங்கும் தக்காளியில் பெரும்பகுதி அங்கிருந்து வருவதற்குக் காரணமும் அதுதான்.

சூடு பூவை என்ன செய்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். ஒரே பூவுக்குள் ஆண் பகுதியும் பெண் பகுதியும் இருப்பதால் தக்காளி தன் மகரந்தத்திலேயே காய்க்கும். அந்த மகரந்தம் பூ விரியும் நாளில் திடீரென்று உண்டாவதில்லை. மொட்டுக்குள் அது உருவாகும் கட்டம், அதாவது பூ விரிவதற்கு ஏறக்குறைய 8 முதல் 13 நாள் முன்பு, சூட்டுக்கு மிகவும் பலவீனமான நேரம். அப்போது வெப்பம் அதிகமாக இருந்தால் மகரந்தம் உயிரற்றதாகவே உருவாகும். சில ரகங்களில் சூல்முடியும் (மகரந்தம் விழ வேண்டிய பெண் பகுதியின் நுனி) நீண்டு, மகரந்தப்பைகளின் கூம்பைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்; நல்ல மகரந்தம் இருந்தாலும் அதன்மேல் விழாது.

ஆகவே இன்று உதிர்ந்த பூவின் கதை ஒன்றிரண்டு வாரத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. நேற்று தெளித்த மருந்தால் இன்று பலன் தெரியவில்லையே என்று கவலைப்படுவதில் பொருளில்லை. இரண்டு நாள் மழை பெய்து குளிர்ந்தவுடன் காய் பிடிக்கும் என்று எதிர்பார்ப்பதும் அப்படித்தான். செடிக்கு நல்லது செய்தால் அடுத்தடுத்த கொத்துகளில்தான் தெரியும்.

பூ கொட்டுவது நோய் அல்ல, செடி எடுக்கும் முடிவு. பூக்காம்பின் நடுவே ஒரு சின்ன முட்டி இருப்பதைப் பாருங்கள். கருவுற்ற பூவிலிருந்து ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி வந்துகொண்டே இருக்கும்வரை அந்த இணைப்பு உறுதியாக இருக்கும். பூ விரிந்து ஏறத்தாழ இரண்டு நாளுக்குள் கருவுறவில்லை என்றால் ஆக்சின் குறையும், உதிர்வைத் தூண்டும் எத்திலீன் வாயு தன் வேலையைக் காட்டும், முட்டி மஞ்சளாகும், பூ அங்கேயே சுத்தமாகக் கழன்று விழும். உங்கள் செடியில் இப்படித்தான் விழுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மொட்டு விரியாமலே கருகி விழுந்தால் அது வேறு கதை. தண்ணீர் ஒருநாள் வெள்ளம், ஒருநாள் வறட்சி என்று போகிறதா, மொட்டுக்குள் இலைப்பேன் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

சூட்டுக்கு அடுத்தது ஈரப்பதம். காற்றில் ஈரம் 40 முதல் 70 விழுக்காடு வரை இருந்தால் மகரந்தம் பொடியாக உதிரும். நம் ஊரில் காலை நேரத்தில் அது 90-ஐத் தொடும். மகரந்தம் கட்டி கட்டியாகி உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். வெளியில் வளரும் செடியைக் காற்று ஆட்டும்; கருத்த பெரிய தச்சன் வண்டு வந்து பூவைப் பிடித்து ரீங்காரமிட்டு அதிர வைக்கும். சாதாரணத் தேனீ அந்த அதிர்வைக் கொடுக்காது. பன்னிரண்டாவது மாடிப் பால்கனிக்கு எந்த வண்டும் தேடி வரப்போவதில்லை, அங்கே அந்த வேலை உங்களுடையது. பனி ஈரம் காய்ந்த பிறகு, காலை ஒன்பது பத்து மணி வாக்கில் பூங்கொத்தின் காம்பை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள். மின்சாரப் பல்துலக்கியைக் காம்பில் ஒரு நொடி வைத்தாலும் போதும். யூடியூபில் இதை மந்திரம் மாதிரி காட்டுகிறார்கள். மகரந்தம் உயிரோடு இருந்தால்தான் இது பலிக்கும், செத்த மகரந்தத்தை எவ்வளவு உலுக்கினாலும் காய் வராது.

இனி உரத்துக்கு வருவோம். பூ கொட்டியதும் கோழிச் சாணத்தை அள்ளிப்போடுவது நம்மவர்கள் வழக்கம். அதில் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம். செடி இலையும் தண்டுமாகக் கொழுத்து, காயைப் பற்றிக் கவலையே படாது. இலை கரும்பச்சையாகத் தடித்து நுனி உள்பக்கம் சுருண்டிருந்தால் தழைச்சத்து மிகுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பூக்கத் தொடங்கிய பிறகு சாம்பல்சத்து (பொட்டாசியம்) கூடுதலாக உள்ள உரத்தைக் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும். “பூ உதிராமல் காக்கும்” என்று ஆன்லைனில் விற்கும் சின்னப் பாட்டில்களைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். சிலவற்றில் செயற்கை வளர்ச்சி ஊக்கி இருக்கும். அது பூவை உதிராமல் நிறுத்தும், விதையில்லாமல் உள்ளே வெற்றிடம் விட்ட காயையும் கொடுக்கும். அளவு தப்பினால் இளந்தளிர் முறுக்கிக்கொண்டு கெட்டுப்போகும். என்ன சேர்ந்திருக்கிறது என்றே எழுதாத பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள். பூக்கும் நேரத்தில் பூச்சிமருந்து அடிப்பதையும் தவிருங்கள், உதவிக்கு வரும் வண்டும் செத்துவிடும்.

காசு செலவழிப்பதானால் விதைக்குச் செலவழியுங்கள். சமையலறையில் மிஞ்சிய கேமரன் தக்காளியைப் பிழிந்து தொட்டியில் விட்டு வளர்த்த செடிகள்தான் என்னிடம் அதிகம் புகாராக வருகின்றன. அது பெரும்பாலும் குளிர் ஊருக்கான கலப்பின ரகம். விதை பிடித்தால் தாயைப்போல் வராது, வந்தாலும் நம் இரவைத் தாங்காது. தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் 1970களிலிருந்தே சூடு தாங்கும் தக்காளி ரகங்களை உருவாக்கி வருகிறது; மலேசிய அரசின் வேளாண் ஆராய்ச்சிக் கழகமான நம் மார்டியும் தாழ்நிலத்துக்கான ரகங்களில் வேலை செய்திருக்கிறது. சுங்கை பூலோ நர்சரிகளில் நாற்று வாங்கும்போது தாழ்நிலத்தில் காய்க்குமா என்று கேட்டே வாங்குங்கள். பதில் தெரியாவிட்டால் செர்ரி தக்காளியை எடுங்கள். சிறிய காய் ரகங்கள் பொதுவாகச் சூட்டிலும் காய் பிடிக்கும். கை நிறையப் பெரிதாக வரும் பீஃப்ஸ்டேக் வகை இங்கே வெறும் அழகுச் செடி.

அப்புறம் இடம். பால்கனியில் ஏசியின் வெளிப்பெட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இரவு முழுக்க அது சூடான காற்றைச் செடிமேல் ஊதினால் எந்த ரகமும் தாங்காது. பகல் வெயிலில் காய்ந்த சிமெண்டுச் சுவரும் இரவில் சூட்டைக் கக்கும். தொட்டியைச் சுவரிலிருந்து தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். ஆறு மணி நேர வெயில் கட்டாயம் வேண்டும், ஆனால் உச்சிவெயிலுக்கு 30 விழுக்காடு நிழல்வலை நல்லது. மேலே ஒளி ஊடுருவும் கூரை இருந்தால் மழை பூவை நனைக்காது, இலை நோயும் குறையும். சாயங்காலம் செடியைக் குளிரவைக்கிறேன் என்று இலைமேல் தண்ணீர் தெளிப்பவர்களும் உண்டு. அது பூஞ்சைக்கு வைக்கும் விருந்து. காலையில் வேரில் ஊற்றுங்கள்.

காயின் அடிப்பகுதி கறுத்து அழுகினால் அதை இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். அது காய் பிடித்த பிறகு வரும் சுண்ணாம்புச் சத்துச் சிக்கல், பெரும்பாலும் சீரற்ற தண்ணீரால் வருவது.

இதெல்லாம் செய்து, தொடர்ந்து மூன்று கொத்தும் முழுக்கக் கொட்டினால் அந்த ரகம் உங்கள் வீட்டுக்கு ஒத்துவரவில்லை. பிடுங்கிவிட்டுச் செர்ரி ரகத்துக்கு மாறுங்கள். செடி பச்சையாக இருக்கும்போதே ஓரிரு நாளில் மொத்தமாக வாடிச் சாய்ந்திருந்தால் அது மண்ணில் இருக்கும் பாக்டீரியா வாடல் நோயாக இருக்கலாம். அந்த மண்ணில் மறுபடி தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் வேண்டாம். வெண்டை போடுங்கள்.