பெட்ரோல் பங்கில் கட்டும் வரி, செயலியில் பிடிக்கும் வரி: டாக்சி ஓட்டுநர் கையில் நிற்பது எவ்வளவு?

டாக்சி ஓட்டுநரின் வருமானம் என்றதும் செயலி நிறுவனம் எடுக்கும் கமிஷனைப் பற்றித்தான் பேச்சு எழுகிறது. பெட்ரோல் பங்கில் அவர் கட்டும் வரியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தமிழ்நாட்டில் டீசல் கார் ஓட்டுபவருக்கு அது கமிஷனில் பாதியைத் தாண்டிவிடக்கூடிய தொகை. ரசீதில் தனியாக அச்சிடப்படாததால் அது கண்ணில் படுவதில்லை.

டீசல் மீது மத்திய அரசு கலால் வரி விதிக்கிறது. லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று நிலையான தொகை அது. 2020 மே மாதம், உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் மலிந்து கிடந்தபோது, டீசலுக்கு 13 ரூபாயும் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் ஒரே அடியாகக் கூட்டப்பட்டன. ஊரடங்கில் வண்டிகள் நின்றிருந்த நேரம். அந்த அறிவிப்பால் பெட்ரோல் பங்க் விலை ஏறவில்லை என்பதால் பலர் அதைக் கவனிக்கவில்லை. ஆனால் இறங்கியிருக்க வேண்டிய விலை இறங்காமல் போனது. பிறகு 2021 நவம்பரில் டீசலுக்கு 10 ரூபாய், 2022 மே மாதத்தில் 6 ரூபாய் குறைத்தார்கள். 2025 ஏப்ரலில் 2 ரூபாய் கூட்டியபின் டீசலுக்கு 17.80 ரூபாய், பெட்ரோலுக்கு 21.90 ரூபாய் என்று கலால் வரி நின்றது. இந்த முறையும் பெட்ரோல் பங்க் விலை அசையவில்லை. கச்சா எண்ணெய் விலை சரிந்திருந்ததன் பலன் மட்டும் வண்டிக்காரருக்கு வந்து சேரவில்லை.

அடுத்தது மாநிலத்தின் விற்பனை வரி. இன்றைய பெயரில் மதிப்புக் கூட்டு வரி. 2020 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் இது இரண்டு பகுதிகளைக் கொண்டது. டீசலுக்கு 11 சதவீதம், அதோடு லிட்டருக்கு 9.62 ரூபாய். பெட்ரோலுக்கு 15 சதவீதம், அதோடு 13.02 ரூபாய். 2021 ஆகஸ்டில் பெட்ரோல் விலை லிட்டருக்கு 3 ரூபாய் இறங்கும்படி மாநில அரசு வரியைக் குறைத்தது. டீசலுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. இன்னொன்றும் உண்டு: மாநில வரியின் சதவீதப் பகுதி, கலால் வரியும் சேர்ந்த விலையின் மீது கணக்கிடப்படுகிறது. அதாவது வரிக்கும் வரி.

2025இல் சென்னையில் டீசல் லிட்டர் 92 ரூபாயை ஒட்டி விற்றது. அதில் இரண்டு அரசுகளின் வரியும் சேர்ந்து ஏறத்தாழ 35 ரூபாய். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுக்கும் காரை நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர் ஓட்டினால் 11 லிட்டர் வேண்டும். அதில் வரி மட்டும் 385 ரூபாய். மாதம் 25 நாள் ஓட்டினால் ஒன்பதாயிரத்து அறுநூறு ரூபாய்க்கு மேல். நிறைய குடும்பங்களுக்கு அது ஒரு மாத வீட்டு வாடகை.

இனி ஜிஎஸ்டி. செயலி வழியாக டாக்சி பதிவு செய்தால், ஜிஎஸ்டி சட்டத்தின் 9(5) பிரிவின்படி, பயணத்துக்கான 5 சதவீத வரியைச் செலுத்த வேண்டியது செயலி நிறுவனம், ஓட்டுநர் அல்ல. வரியைத் தருபவர் பயணி. ஆட்டோவும் செயலி வழியாக வந்தால் 2022 ஜனவரி 1 முதல் இதே வரி உண்டு. தெருவில் கைகாட்டி ஏறும் ஆட்டோவுக்கும் மீட்டர் டாக்சிக்கும் கிடையாது.

ஓட்டுநரின் பையிலிருந்து போகும் ஜிஎஸ்டி வேறு. நிறுவனம் எடுக்கும் கமிஷன் மீது 18 சதவீதம். கமிஷனுக்குப் பதிலாக நாள் கட்டணமோ மாதக் கட்டணமோ வாங்கும் செயலிகளிலும் அந்தக் கட்டணத்தின் மீது ஜிஎஸ்டி உண்டு.

2025 விலையில் ஒரு சவாரியை எடுத்துக்கொள்வோம். வரி நீங்கலாக 500 ரூபாய், 20 கிலோமீட்டர். கமிஷன் 20 சதவீதம் என்றால் 100 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி 18 ரூபாய். மீதி 382. பயணியை ஏற்றிக்கொள்ளக் காலியாகப் போன தூரம் 10 கிலோமீட்டர் என்றால் மொத்தம் 30 கிலோமீட்டர். டீசல் செலவு ஏறத்தாழ 154 ரூபாய், அதில் வரி 58. கையில் நிற்பது 228. டயர், இன்சூரன்ஸ், எப்.சி. என்ற வண்டித் தகுதிச் சான்று, வண்டிக் கடனின் மாதத் தவணை எல்லாம் இந்த 228 ரூபாய்க்குள் அடங்க வேண்டும். இந்த ஒரு சவாரிக்கு அவர் தாங்கிய வரி 76 ரூபாய். அவருக்கு மிஞ்சியதில் மூன்றில் ஒரு பங்கு.

காலி ஓட்டத்தைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சம்பாதித்தால்தான் வருமான வரி. எரிபொருள் வரிக்கு அந்தக் கணக்கு இல்லை. பயணி ஏறினாலும் ஏறாவிட்டாலும், சவாரி பாதியில் ரத்தானாலும், சக்கரம் உருண்டால் வரி உண்டு. தொழில் மந்தமாக இருக்கும் மாதத்தில் காலி ஓட்டம் கூடும்; வருமானத்தில் வரி தின்னும் பங்கும் கூடும். எளியவர் மீது அதிகமாக விழும்படி அமைந்த வரி இது.

மற்ற வணிகர்கள் தாங்கள் கட்டிய வரியைக் கழித்துக்கொள்கிறார்களே, ஓட்டுநரால் ஏன் முடியாது? பெட்ரோலும் டீசலும் 2017 ஜூலையில் வந்த ஜிஎஸ்டிக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே அவற்றின் மீது கட்டிய வரியை ஜிஎஸ்டியில் கழிக்க வழியில்லை. பெரிய நிறுவனம் வாங்கினாலும் இதுவே நிலை. ‘டீசலை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 5 சதவீதப் பயண வரி, உள்ளீட்டு வரி வரவு (பொருள் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி) இல்லாத வரி. டீசல் உள்ளே வந்தாலும் தனி ஓட்டுநர் அந்த வரியைத் திரும்பப் பெற முடியாது. வரி விகிதமே இறங்கினால்தான் அவருக்கு லாபம். 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், பெட்ரோலையும் டீசலையும் உள்ளே கொண்டுவரும் நேரம் இதுவல்ல என்று முடித்துவிட்டது. மாநிலங்களின் தயக்கத்துக்கும் நியாயம் இருக்கிறது: மத்திய எரிபொருள் வரியில் பெரும்பகுதி செஸ், கூடுதல் வரி என்ற பெயர்களில் வருவதால் மாநிலங்களோடு பகிரப்படுவதில்லை. இந்த இழுபறியின் சுமை பெட்ரோல் பங்கில் நிற்பவர் மீது இறங்குகிறது.

விலை ஏறும்போது கட்டணத்தை ஏற்றும் உரிமையும் ஓட்டுநரிடம் இல்லை. டாக்சிக் கட்டணத்தைச் செயலி முடிவு செய்கிறது. ஆட்டோவுக்கு 2013 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு வகுத்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன் பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய். பத்தாண்டுக்கு மேல் அது அப்படியே கிடந்தது.

2025 ஜூலையில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இரண்டு இடத்தில் உதவக்கூடும். சொந்த வண்டி ஓட்டுபவருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் தர வேண்டும். அடிப்படைக் கட்டணம் குறைந்தது 3 கிலோமீட்டருக்கு வாங்கப்பட வேண்டும். காலி ஓட்டத்தை ஈடுகட்டவே அந்த ஏற்பாடு. மாநில அரசு ஏற்று நடைமுறைப்படுத்தினால்தான் இவற்றுக்கு வலு.

ஓட்டுநர்கள் உடனே செய்யக்கூடியவை சில. வாரக் கணக்கைத் திறந்து, பயணியிடம் வாங்கிய 5 சதவீத வரி உங்கள் பங்கிலிருந்து பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்; பிடிக்கக் கூடாது. கமிஷன் மீதான 18 சதவீதம் கமிஷனுக்கு மட்டும்தான், முழுக் கட்டணத்துக்கு அல்ல. 2025 செப்டம்பர் 22 முதல் டயர், உதிரிபாகங்கள், ஆட்டோ, சிறிய கார் ஆகியவற்றின் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியிருக்கிறது. பில்லைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். செயலி நிறுவனம் வருமான வரியாக 0.1 சதவீதம் பிடித்திருந்தால், கட்ட வேண்டிய வருமான வரி இல்லாதவர் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். ஆண்டு வசூல் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, பான் அல்லது ஆதார் எண்ணைக் கொடுத்திருந்தால், அதைப் பிடிக்கவே தேவையில்லை.