அண்ணீரகம்: ஒரு சொல் விளக்கம்

களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரத்துக்கு வைத்தியம் பார்க்கப் போகிற எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மலையாளம் காதுக்குப் பழக்கம்தான். ஆனாலும் சித்தப்பாவின் நுரையீரல் புற்றுநோய் 'அதிவிருக்க கிரந்தி'க்குப் பரவியிருக்கிறது என்று நர்ஸ் சொன்னதும் சித்தி திகைத்துவிட்டார். எங்களுக்குக் கிரந்தி என்றால் கைக்குழந்தைகளுக்கு மேலில் தடித்துச் சிவப்பது. மலையாளத்தில் அது சுரப்பி. விருக்க என்பது சிறுநீரகம், அதி என்றால் மேலே.

நாம் அட்ரினல் என்கிறோமே, அதுதான். லத்தீனில் 'அட்' அருகில், 'ரென்' சிறுநீரகம். தமிழில் இதற்கு அண்ணீரகச் சுரப்பி என்ற அருமையான சொல் இருக்கிறது. அண்மை, அண்டைவீடு என்பவற்றில் வரும் அதே 'அண்'. கண்ணும் நீரும் சேர்ந்து கண்ணீர் ஆவதுபோல, அண்ணும் நீரகமும் சேர்ந்து அண்ணீரகம். சிறுநீரக மேற்சுரப்பி என்றும் எழுதுகிறார்கள். புரியும், ஆனால் நீளம். எனக்கு அண்ணீரகம்தான் பிடித்திருக்கிறது.

ஒவ்வொரு சிறுநீரகத்தின் தலையிலும் தொப்பி வைத்தாற்போல ஒன்று, ஆக மொத்தம் இரண்டு. அட்ரினலின், கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் இங்கேதான் சுரக்கின்றன. மூளை, எலும்பு, ஈரல் போல நுரையீரல் புற்று அடிக்கடி போய்த் தங்கும் இடங்களில் இதுவும் ஒன்று. பெரும்பாலும் வலி காட்டாது, ஸ்கேனில்தான் தெரியும். அங்கே தெரிகிற கட்டியெல்லாம் புற்றும் ஆகாது. தீங்கில்லாத கட்டிகள் இந்தச் சுரப்பியில் சகஜம். அதனால்தான் புற்று செல் இருக்கக்கூடிய இடத்தை ஒளிரக் காட்டும் பெட் ஸ்கேன் எடுக்கிறார்கள், சந்தேகம் இருந்தால் ஊசி போட்டுச் சதைத் துணுக்கும் எடுத்துப் பார்க்கிறார்கள்.

பரவியதுதான் என்று உறுதியானாலும் நோயின் பெயர் நுரையீரல் புற்றுநோயே. அங்கே வளர்வது நுரையீரலிலிருந்து போன செல், ஆகவே மருந்தும் அதற்கானதே: கீமோ, நோயெதிர்ப்பு மருந்து, மரபணு மாற்றத்தைப் பார்த்துக் கொடுக்கும் மாத்திரை. இது நான்காம் நிலைதான், அதாவது தொலைவிலுள்ள உறுப்புக்குப் பரவிவிட்ட கடைசி நிலை. இருந்தும் வேறெங்கும் பரவாமல், நுரையீரல் கட்டியும் கட்டுக்குள் வரக்கூடியதாக இருந்தால், சிலருக்கு அந்த ஒரு சுரப்பியைச் சிறு துளைகள் வழியாக அறுத்தெடுப்பார்கள், அல்லது குறிவைத்துக் கதிர்வீச்சு கொடுப்பார்கள். அப்படிச் செய்துகொண்டு பல வருடம் இருந்தவர்களும் உண்டு. மிச்சமுள்ள ஒரு சுரப்பி உடம்புக்குப் பொதுவாகப் போதும். இரண்டையும் எடுத்தால் ஸ்டீராய்டு மாத்திரை ஆயுளுக்கும் வேண்டும், ஒரு நாளும் விடக்கூடாது.

"அப்போ கிட்னியையும் எடுத்துருவாங்களா மக்களே?" என்று சித்தி கேட்டார். இல்லை சித்தி, கிட்னி அதன் இடத்திலேயே இருக்கும், எடுப்பது அதன் அண்டை வீட்டை மட்டும்தான் என்றேன். அதற்கப்புறம்தான் அவர் காப்பியைக் கையில் வாங்கினார்.