முதல் காரில் முதலில் பார்க்க வேண்டியது

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மகள் ஓட்டுநர் உரிமம் வாங்கிவிட்டாள். புதிய கார் வாங்க வசதியில்லை. பழைய கார்களில் எதைப் பார்த்து வாங்குவது? ஏர்பேக் எத்தனை இருக்கிறது என்றா, தகடு எவ்வளவு கனம் என்றா?"

தகட்டின் கனத்தை முதலில் முடித்துவிடலாம். 'அந்தக் காலத்து வண்டி, இரும்பு மாதிரி இருக்கும்' என்ற நம்பிக்கை சாகவே மாட்டேன் என்கிறது. 2009-ல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம், 1959-ம் ஆண்டு செவர்லே பெல் ஏர் காரையும் 2009-ம் ஆண்டு செவர்லே மாலிபு காரையும் ஓட்டுநர் இருக்கையில் மனிதருக்குப் பதில் பொம்மைகளை வைத்து, மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதவிட்டது. எடையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பெல் ஏரின் ஓட்டுநர் இருக்கைப் பகுதி அப்படியே நொறுங்கி உள்ளே வந்தது. நிஜ மனிதர் இருந்திருந்தால் பிழைப்பது அரிது. மாலிபுவின் பொம்மைக்குக் காலில் சிறு காயம் மட்டும். காரணம் எளிது. முன்பகுதி நசுங்கினால் கார் நிற்க எடுக்கும் நேரம் நீளும். நேரம் நீண்டால் விசை குறையும். பள்ளியில் படித்த உந்தப் பாடம்தான். முன்பகுதி நசுங்க வேண்டும், பயணிகள் பகுதி நசுங்கக் கூடாது. அந்தக் காலத்துக் கார்களில் இந்தப் பிரிவினை கிடையாது.

ஆனால் எடையே பொருட்டில்லை என்று எண்ணிவிட வேண்டாம். 900 கிலோ காரும் 1,800 கிலோ காரும் தலா 50 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே மோதி ஒட்டிக்கொள்வதாகக் கணக்குப் போடுங்கள். கனமான காரின் வேகம் 33 கிலோமீட்டர் மாறும். இலேசான காரின் வேகம் 67 கிலோமீட்டர் மாறும், அதாவது அது பின்னோக்கித் தள்ளப்படும். ஆகவே புதிதாக ஓட்டுபவருக்கு மிகச் சிறிய கார் நல்ல தேர்வல்ல. அதற்காக எல்லோரும் இரண்டு டன் வண்டிக்குத் தாவினால், எதிரே வரும் பிள்ளையின் கதி என்ன என்ற கேள்வி எனக்கு உறுத்துகிறது. நடுத்தர அளவே போதும் என்பேன்.

இவையெல்லாம் மோதிய பிறகு உதவுபவை. சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும் அப்படித்தான். புதிய ஓட்டுநரின் விபத்துகளில் ஒரு வகை தனித்துத் தெரியும்: எதிரே வண்டியே இல்லை, வளைவில் வேகமாகப் போய், தடம் விலகி, பதறி ஸ்டீயரிங்கை மறுபக்கம் வெட்டி, மரத்திலோ பள்ளத்திலோ முடிவது.

50 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். காரை வளைவுக்குள் இழுத்துப் பிடிப்பது டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு மட்டுமே. உலர்ந்த சாலையில் உராய்வுக் குணகம் 0.8 என்றால் அதிகபட்சம் மணிக்கு 71 கிலோமீட்டர் போகலாம். மழை பெய்து அது 0.4 ஆகிவிட்டால் வரம்பு 50 கிலோமீட்டர். தேவைப்படும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால், வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினாலே 44 சதவீதம் கூடுதல் பிடிமானம் வேண்டும். அனுபவசாலிக்கு இந்தக் கணக்கு உடம்பிலேயே ஊறியிருக்கும். பதினெட்டு வயதில் ஊற நேரமேது?

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கருவி வருகிறது: மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு. இ.எஸ்.சி., இ.எஸ்.பி. என்று காருக்குக் கார் பெயர் மாறும்.

வேலை எளிதாகத் தொடங்குகிறது. ஓட்டுநர் எங்கே போக விரும்புகிறார் என்பதை ஸ்டீயரிங்கின் கோணம் சொல்லிவிடும். ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது என்பதை ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உணரிகள் சொல்லிவிடும். இரண்டையும் வைத்து, கார் இப்போது எவ்வளவு வேகமாகத் திரும்பிக்கொண்டிருக்க வேண்டும் என்று கணினி கணக்கிடும். ஆனால் கார் உண்மையில் எவ்வளவு திரும்புகிறது? சாலையில் சறுக்கும் காரின் சக்கரங்களைக் கேட்டுப் பயனில்லை. வெளியே எதையும் பார்க்காமல், காருக்குள் உட்கார்ந்தபடியே சுழற்சியை உணரத் தெரிந்த ஒன்று தேவை.

இன்றைய கார்களில் அந்த ஒன்று, நகக்கண்ணைவிடச் சிறிய சிலிக்கான் துண்டு. அதற்குள் மெல்லிய சிலிக்கான் சுருள்களில் தொங்கும் ஒரு துளி நிறை, நொடிக்குப் பல்லாயிரம் முறை முன்னும் பின்னும் அதிர்ந்துகொண்டே இருக்கும். கார் நேராகப் போகும்வரை அதன் பாதை மாறாது. கார் திரும்பத் தொடங்கியதும், அதிரும் நிறை தன் பழைய திசையிலேயே போகப் பார்க்கிறது. அதைத் தாங்கும் சட்டமோ காரோடு திரும்பிவிடுகிறது. விளைவு, நிறை பக்கவாட்டில் நூலிழையிலும் நுணுக்கமாக விலகுகிறது. கொரியாலிஸ் விசை என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். 1851-ல் பாரிஸில் ஃபூக்கோ நீண்ட கம்பியில் கனமான குண்டைத் தொங்கவிட்டு, பூமி சுழல்வதை ஊர்கூட்டிக் காட்டினாரே, அதே இயற்பியல். அந்த ஊசலைச் சுருக்கி ஒரு சில்லுக்குள் அடைத்து, காரின் அடித்தளத்தில் திருகி வைத்திருக்கிறோம். நிறை விலகும்போது பக்கத்திலுள்ள தகடுகளுக்கும் அதற்கும் இடையிலான மின்தேக்கத்திறன் மாறுகிறது. அந்த மாற்றம்தான் 'கார் இவ்வளவு வேகத்தில் திரும்புகிறது' என்ற செய்தி. யோசிக்க யோசிக்க எனக்கு இதில் அலுப்பே வருவதில்லை.

விருப்பமும் உண்மையும் ஒத்துப்போகிறதா என்று கணினி நொடிக்கு ஏறத்தாழ 25 முறை சரிபார்க்கிறது. ஒத்துப்போகாதபோது அது செய்வது, எந்தப் பந்தய ஓட்டுநராலும் செய்ய முடியாதது: நான்கில் ஒரு சக்கரத்தை மட்டும் பிடிப்பது. நம் காலுக்குக் கீழே இருப்பது ஒரே பிரேக் மிதி. அது நான்கையும் சேர்த்தே பிடிக்கும். படகில் ஒரு பக்கத் துடுப்பை நீரில் அழுத்திப் பிடித்தால் படகு அந்தப் பக்கம் திரும்பும் அல்லவா, அதுதான் உத்தி. இடது வளைவில் முன்சக்கரங்கள் பிடி இழந்து கார் நேரே ஓடப் பார்த்தால், இடது பின்சக்கரம் பிடிக்கப்படும். கார் வளைவுக்குள் திரும்பும். மாறாகப் பின்பகுதி வெளியே வீசி, கார் தன்னைத்தானே சுற்றப் பார்த்தால், வலது முன்சக்கரம் பிடிக்கப்படும், சுற்றல் அடங்கும். கூடவே எஞ்சினின் விசையும் குறைக்கப்படும். ஓட்டுநர் பதறத் தொடங்கும் முன்பே பெரும்பாலும் காரியம் முடிந்திருக்கும்.

போஷ் நிறுவனமும் மெர்சிடிஸ் பென்ஸும் சேர்ந்து 1995-ல் இதை விலை உயர்ந்த எஸ் கிளாஸ் காரில் கொண்டுவந்தன. 1997-ல் ஸ்வீடன் பத்திரிகையாளர்கள் நடத்திய திடீர்த் திருப்பச் சோதனையில் மெர்சிடிஸின் சிறிய ஏ கிளாஸ் கார் கவிழ்ந்தது. அவமானம் தாங்காமல் நிறுவனம் எல்லா ஏ கிளாஸ் கார்களிலும் இதைப் பொருத்தியது. சாதாரண விலைக் கார்களுக்கு இது இறங்கி வந்ததில் அந்தக் கவிழ்ந்த காருக்குப் பெரும் பங்குண்டு. தனி வண்டி விபத்தில் உயிர் போகும் அபாயத்தை இது ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பதாக அமெரிக்க ஆய்வுகள் கண்டன. அங்கே 2012 மாடல் ஆண்டு முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதலும் எல்லாப் புதிய கார்களிலும் இது கட்டாயமானது.

கட்டாயம் இல்லாத காலத்துக் கார்களில்தான் சிக்கல். ஒரே மாடலில் விலை கூடிய வகையில் இது இருக்கும், மலிவான வகையில் இருக்காது. வெளியே பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். விற்பவரின் வாயை நம்பாதீர்கள்.

ஒரு சிறு புலம்பலுக்கும் இடம் கொடுங்கள். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம், உண்மையில் நடந்த விபத்துகளின் காவல்துறைப் பதிவுகளைக் கொண்டு பழைய கார்களுக்குப் பாதுகாப்பு மதிப்பெண் தருகிறது. இதற்குப் பெரிய சோதனைக்கூடம் வேண்டாம், மோத வைக்கப் புதிய கார் வேண்டாம். ஒழுங்கான தரவும் சில புள்ளியியலாளர்களுக்குச் சம்பளமும் போதும். பழைய கார் வாங்குபவர்கள்தான் எங்கும் அதிகம். இப்படிப்பட்ட ஆய்வுக்கு அரசுகள் காட்டும் கஞ்சத்தனம் எனக்குப் புரிவதே இல்லை.

சரி, கார் பார்க்கப் போகிறீர்கள். குதிரைத்திறன் அதிகமுள்ளதை விட்டுவிடுங்கள். இருந்தால் ஒரு நாள் சோதித்துப் பார்க்கவே தோன்றும். வீட்டில் ஏற்கெனவே இ.எஸ்.சி. உள்ள கார் ஒன்று இருந்தால், அதை மகளுக்குக் கொடுத்துவிட்டு, வாங்கும் பழைய காரை நீங்கள் ஓட்டலாம். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. டயர்களையும் பாருங்கள்: இ.எஸ்.சி. பிடிமானத்தைப் பங்கிட்டுத் தரும், உண்டாக்காது. டயரின் பக்கச் சுவரில் உற்பத்திக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் 2319 என்றிருந்தால், அது 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்யப்பட்டது. தேய்ந்ததோ பழையதோ என்றால், நான்கு புதிய டயர்களின் விலையைக் காரின் விலையோடு சேர்த்தே பேரம் பேசுங்கள்.

கடைசியாகச் சாவியைத் திருப்புங்கள், எஞ்சினைக் கிளப்ப வேண்டாம். சறுக்கும் கார் ஒன்றின் படம், பின்னால் இரண்டு நெளிகோடுகளோடு, முகப்பில் மஞ்சளாக ஒளிர வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கிச் சில நொடிகளில் அது அணைந்தால் எல்லாம் சரி. அணையாவிட்டால் எங்கோ கோளாறு, அல்லது யாரோ இ.எஸ்.சி.யை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 'ஆஃப்' பொத்தானைப் பாருங்கள். படம் வரவே இல்லை என்றால் அந்த வகையில் இ.எஸ்.சி. கிடையாது, அல்லது கோளாறை மறைக்க விளக்கையே பிடுங்கியிருக்கிறார்கள். இரண்டில் எது என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம், அடுத்த காரைப் பாருங்கள்.