லினசோலிட் சாப்பிடுகிறவர்கள் கண்ணைக் கவனியுங்கள்

மறுபடியும் ஒருவர். கால் எலும்பில் பிடித்த சீழுக்கு யாரோ எழுதிக்கொடுத்த லினசோலிட் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை, பழைய சீட்டைக் காட்டியே மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். இப்போது பாதம் எரிகிறது, செய்தித்தாள் எழுத்து மங்குகிறது, சிவப்பு நிறம் வெளுத்துத் தெரிகிறது. "கிருமியைத்தானே கொல்லும் டாக்டர்? ஆரம்பத்தில் ஒன்றும் செய்யவில்லையே" என்கிறார்.

"கிருமியை மட்டும்" என்ற கதை 1960களிலேயே ஈஸ்ட்டில் பொய்த்துவிட்டது. மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியலாளர் லின்னேன் குழுவினர் ஈஸ்ட்டுக்குக் குளோராம்ஃபெனிக்கால் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துப் பார்த்தார்கள். குளுக்கோஸ் இருந்தால் ஈஸ்ட் சுவாசிக்காமல் நொதித்தே வளர்ந்துகொள்ளும். ஆனால் செல் சுவாசிக்கத் தேவையான சைட்டோகுரோம் புரதங்களில் ஏ, பி வகைகள் உருவாகவில்லை. சி வகை மட்டும் உருவானது. சுவாசித்தால்தான் பயன்படும் கிளிசராலை மட்டும் கொடுத்தால் வளர்ச்சியே இல்லை. சி வகை செல்லின் பொது ரைபோசோம்களில், அதாவது புரதம் செய்யும் பட்டறைகளில், தயாராகிறது. ஏ வகை இருக்கும் சுவாச நொதியான சைட்டோகுரோம் ஆக்சிடேஸின் மூன்று முக்கியத் துண்டுகளோ, செல்லுக்குள் சுவாசம் நடக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த ரைபோசோம்களில் தயாராகின்றன. அந்த ரைபோசோம்கள் பாக்டீரியாவின் உறவுக்காரர்கள். நம் செல்லிலும் இதே ஏற்பாடுதான்; லினசோலிட் அடிப்பதும் அங்கேதான்.

"ஆரம்பத்தில் ஒன்றும் செய்யவில்லை" என்பதுதான் என்னை அதிகம் எரிச்சலூட்டும் வாதம். சயனைடு என்றால், ஓடிக்கொண்டிருக்கும் இந்த நொதியையே முடக்கும், நிமிடங்களில் தெரிந்துவிடும். இந்த மருந்துகள் இருக்கும் நொதியைத் தொடுவதில்லை, புதிதாகத் தயாராவதை நிறுத்துகின்றன. கையிருப்பு தீரும்வரை உடல் சமாளிக்கும். ஈஸ்ட்டிலும் அப்படித்தான்: செல் பிரியப் பிரியப் பழைய நொதி பங்குபோய்க் குறையும். முதல் வாரம் சுகமாகப் போனதென்றால் கையிருப்பு இருந்தது, அவ்வளவுதான். பொதுவாக இரண்டு வாரம் தாண்டினால் ரத்த அணுக்கள் குறையலாம். 28 நாள் தாண்டினால் நரம்பும் பார்வையும் ஆபத்தில்.

வாரம் ஒருமுறை ரத்த அணுக்களை எண்ணிப் பாருங்கள். நீண்ட சிகிச்சை என்றால் மாதம் ஒருமுறை பார்வையையும் நிறமறியும் திறனையும் சோதியுங்கள். ஓயாத குமட்டலோடு மூச்சு வாங்கினால் லாக்டிக் அமிலம் ஏறியிருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பி காம்ப்ளெக்ஸ் போட்டால் சரியாகிவிடும் என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். நின்றுபோன ரைபோசோமை அது ஓட்டாது. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இரண்டும் சேர்ந்தால் அது தனி வம்பு.

மருந்துக்கு மசியாத காசநோய்க்காக இதைச் சாப்பிடுகிறவர்களே, பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அங்கே இது உயிர் காக்கும் மருந்து. அளவைக் குறைப்பதா, மாற்றுவதா என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும். மங்கலைச் சீக்கிரம் சொன்னால் பார்வை பெரும்பாலும் திரும்பிவிடும். பாத எரிச்சல் பலருக்கு முழுதாகப் போவதில்லை.